மெத்தைக்கடை நிறுத்தம்

ஒன்றரை மணிக்குச் சார்ஜில் போட்டது. இரண்டாகப் போகிறது, இன்னும் அதன் முகத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. ஒரு வருஷமாகப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடந்த பாட்டரி அவ்வளவு சுலபத்தில் கண்ணைத் திறக்காது, ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ ஆகும், சிலது திறக்காமலேயே போய்விடும் என்பதெல்லாம் கோவேந்தனுக்குத் தெரியாததில்லை. செருகிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள் நண்பர்களே, பட்டனைப் போட்டு நோண்டாதீர்கள் என்று இதே அறையில் இதே மைக் முன்னால் எத்தனை பேருக்கு உபதேசம் செய்திருக்கிறான். இப்போது அவனே நிமிஷத்துக்கு ஒரு தரம் எடுத்து அமுக்குகிறான். உள்ளங்கை இரண்டையும் சேர்த்து வைத்தால் அடங்கிவிடும் விளையாட்டுக் கருவி. கறுப்புத் திரையில் அவன் மூக்குக் கண்ணாடிதான் தெரிகிறது. இடது பக்கக் குமிழில் ரப்பர் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது, ரெஜினாவின் கட்டைவிரல் ஏழு வருஷம் உருட்டியதில் தேய்ந்தது. தன் விரலை அதன்மேல் வைத்தான், உடனே எடுத்துவிட்டான். காலையில் பூசை முடிந்து வரும் வழியில் அவள் வீட்டுக்காரர் சேவியர் இதை ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளிக்கிழமை அவளுடைய முதலாமாண்டு நினைவுத் திருப்பலி, நினைவு அட்டை அச்சடிக்க வேண்டும். "எல்லா போட்டோவுலயும் நல்லா தூக்கிச் செருகின கொண்டையோட கல்யாண வீட்டுல நிக்கிற மாதிரியே இருக்கா தம்பி. கடைசி வரைக்கும் இதத்தான் கையில வெச்சுக்கிட்டு இருந்தா. இதுல அவ போட்டோ ஏதாச்சும் எடுத்திருந்தா பாத்துக் குடுங்க. நாலு மணிக்கு வரேன்" என்றார். இந்தக் கருவியில் கேமராவே கிடையாது. அதை அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் வாங்கி வைத்துக்கொண்டான்.

ஏன் வாங்கினாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது. கேட்க ஆள் இல்லை, அறையில் இரண்டு நாற்காலி, ஒன்றில் அவன், இன்னொன்றில் அவளுடைய ஹெட்போன், காதுப் பஞ்சு உதிர்ந்து நாற்காலியில் கறுப்புத் தூளாகச் சிந்தியிருக்கிறது, துடைக்கவில்லை. பாலக்கரையில் மெத்தைக்கடைக்கு மேல் மாடி. கீழே தைத்து மிச்சமான நுரைத்துண்டுகளைக் கடைக்காரர் சும்மாவே கொடுத்தார், நாலு சுவரிலும் ஒட்டினார்கள், தெருவைப் பார்த்த ஒரே ஜன்னலிலும் ஒன்றைத் திணித்து அடைத்தார்கள், அன்றைக்கு அடைத்தது அடைத்ததுதான். வெளியே பஸ் ஹாரன், கண்டக்டர் விசில், கல்யாண ஊர்வலம் எதுவும் உள்ளே வராது. ஃபேன் போட்டால் மைக்கில் இரைச்சல் விழும், ஆகவே பதிவு முடியும்வரை ஃபேனும் கிடையாது. சித்திரை வெயிலில் வியர்த்து ஊற்றிக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்து, பனிமலையில் நடக்கும் விளையாட்டைப் பற்றிச் சிலாகிப்பார்கள். அவன் பாலிடெக்னிக்கில் வாத்தியார், அவள் தபாலாபீஸ் கவுண்டரில் இருந்தாள், ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் இரண்டு பேருக்கும் வேறு உத்தியோகம். வீடியோ கேம் பற்றிப் பேசி இணையத்தில் ஏற்றும் அந்த நிகழ்ச்சிக்கு 'மூணு உயிர்' என்று பெயர் வைத்ததும் அவள்தான், விளையாட்டில் செத்தால் மறுபடி எழ மூன்று உயிர் கொடுப்பார்களே, அது. நூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். முடிந்ததும் "வரேன் வேந்தா" என்று படியிறங்கிப் போவாள், அவன் உட்கார்ந்து கோப்புகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருப்பான். எப்படிப் போவாள், எதில் போவாள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. மூணு உயிர். என்ன பெயர் வைத்தாள் பார். அப்போது எவ்வளவு வேடிக்கையாக இருந்தது.

வீடியோ கேமுக்குச் சாவைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது அவள் கட்சி. முதல் பதிவிலேயே ஆரம்பித்துவிட்டாள். விழுந்து செத்தவனைத் தூக்கி நிறுத்தி மறுபடி முயல்க என்று எழுதிக் காட்டினால் அது சாவா, அது டைப்ரைட்டிங் பரீட்சை, என்பாள். அதைவிட நம் டிவி சீரியல்காரர்கள் யோக்கியர்கள், நடிகை நின்றுவிட்டால் இனி இவருக்குப் பதில் இவர் என்று பட்டவர்த்தனமாகப் போட்டுவிடுகிறார்கள், வீட்டில் மாமியார் முதற்கொண்டு எல்லாரும் புது முகத்தைப் பார்த்துப் பழைய மருமகளாகவே பேசுகிறார்கள், அதுதான் நம் ஊர்க் கதை சொல்லும் தைரியம் என்று சொல்லிச் சிரிப்பாள். அவன் விட்டுக்கொடுக்க மாட்டான். கதை என்றால் முடிவு, முடிவு சொதப்பினால் அறுபது மணி நேரமும் சொதப்பல், சாமான் லிஸ்ட் கொடுத்துக் கடைக்கு அனுப்புகிற மாதிரி பத்து மூலிகை பறித்து வா, எட்டு ஓநாயைக் கொன்று வா என்று அலையவிட்டுக் கடைசியில் ஒரு வெடிகுண்டோடு முடிக்கிறவனை என்னவென்று சொல்வது என்று பொரிந்து தள்ளுவான். முடிவெல்லாம் ஒரு சாக்கு வேந்தா, என்பாள் அவள். "நீ தியேட்டர்ல பாத்ததில்லையா? படம் முடியறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே பாதிப் பேர் எந்திரிச்சு ஸ்டாண்டுல வண்டி எடுக்க ஓடிருவான். நம்மாளுக்கு முடிவு முக்கியமில்ல, கேட்டுல நெரிசல் இல்லாம வெளிய போகணும்." அதை எடிட் செய்யும்போது இங்கேயே தனியாக உட்கார்ந்து சிரித்திருக்கிறான். இப்போது அந்த வாக்கியம் எங்கேயிருந்தோ வருகிறது, பல் தேய்க்கும்போது, வகுப்பில் கரும்பலகையைத் துடைக்கும்போது. ஸ்டாண்டில் வண்டி எடுக்க ஓடிருவான். யார் ஓடினது? கருவியை எடுத்து அமுக்கினான். இருட்டு.

சட்டம் ஒன்று இருந்தது. முடிவைச் சொல்லக் கூடாது. ஸ்பாய்லர் சொன்னவர் அந்த இடத்திலேயே மைக் முன்னால் ஒரு பச்சை மிளகாயைக் கடித்துத் தின்ன வேண்டும், தண்ணீர் கிடையாது. அந்தச் சட்டத்தைப் போட்டதும் ரெஜினாதான், ஏனென்றால் ஆரம்பத்தில் அவன் வாய் நிற்காது, ஒரு துப்பறியும் விளையாட்டில் கொலைகாரன் யாரென்று பேச்சுவாக்கில் உளறிவிட்டான், அதற்கு வந்த வசவுகளைப் படிக்க ஒரு பதிவு போதவில்லை. முப்பத்தோராம் பதிவில் அவன் மிளகாய் கடிக்கும் சத்தத்தை இன்றைக்கும் யாராவது எடுத்துப் போட்டுச் சிரிக்கிறார்கள். அதன்பிறகு அவன் திருந்திவிட்டான். திருந்தியது மட்டுமல்ல, புதிதாக விரதம் பிடித்தவன் மாதிரி ஊரிலுள்ள எல்லாரையும்விடக் கடுமையாகிவிட்டான். தங்கச்சி படம் பார்த்துவிட்டு வந்து வாயைத் திறந்தால் காதைப் பொத்திக்கொள்வான். மாணவர்கள் சீரியலின் கடைசிப் பகுதியைப் பற்றிப் பேசினால் வகுப்பை விட்டு வெளியே அனுப்புவான். கதையின் முடிவை இன்னொருவருக்குச் சொல்வது அவர் தட்டிலிருந்து எடுத்துத் தின்பது என்று ஒரு பதிவில் சொன்னான், அதற்கு நிறையப் பேர் கைதட்டல் போட்டார்கள். கைதட்டல் வாங்கின வாக்கியம். அது இல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கு வாயைத் திறந்திருப்பானோ என்னவோ. இல்லை, சும்மா சொல்லாதே. வாக்கியத்தின்மேல் பழியைப் போடாதே.

அந்த விளையாட்டின் பெயர் வெறும் எண், நாற்பத்தேழு. ஒரு மலை ஊர்ப் பேருந்தின் எண். எங்கோ குளிர் தேசத்தில் மூன்று பேர் சேர்ந்து செய்தது, துப்பாக்கி இல்லை, ஓநாய் இல்லை, நீங்கள் ஒரு பெண் கண்டக்டர், சீட்டுக் கிழிப்பீர்கள், விசில் ஊதுவீர்கள், ஏறுகிறவர்கள் தங்கள் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லுவார்கள், ஒவ்வொருவராக இறங்கிப் போவார்கள். ரெஜினாவுக்குப் பிடித்துப் போயிற்று. தபால் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்கு, வர்றவங்க முகத்த நிமிந்து பாக்க நேரமில்லாம ஸ்டாம்ப் ஒட்டறது மாதிரி, ஆனா இதுல பாக்க நேரம் குடுக்கறான், என்றாள். அவன் இரண்டு நாளில் முடித்துவிட்டான், விமரிசனம் எழுத வேண்டுமே. அவள் ஆஸ்பத்திரியில் மெதுவாக விளையாடிக்கொண்டிருந்தாள், ஒரு நாளைக்கு ஒரு நிறுத்தம். முடிவு இதுதான்: எல்லாப் பயணிகளும் இறங்கிவிடுவார்கள். பேருந்து காலியாக மலையைச் சுற்றும். திரையில் ஒரு எழுத்தும் வராது, என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சுற்றிக்கொண்டே இருக்கலாம், ஒரு சுற்றுக்கு ஒன்பது நிமிஷம், ஜன்னலில் அதே மரம், அதே பாலம், அதே விளக்கு. எப்போது உங்களுக்குத் தோன்றுகிறதோ அப்போது நீங்களே விசிலை ஊதி வண்டியை நிறுத்தி இறங்க வேண்டும். இறங்கும்போது அந்த நிறுத்தத்துக்கு ஒரு பெயர் கேட்கும், எழுதிவிட்டு இறங்கினால் பேருந்து கண்டக்டர் இல்லாமல் போய்விடும், அவ்வளவுதான். அவன் இரண்டாவது சுற்றிலேயே ஊதிவிட்டான். பெயர் கேட்ட இடத்தில் அவசரத்தில் ஏதோ நாலு எழுத்தைத் தட்டினான், என்னவென்றுகூட ஞாபகமில்லை.

குருத்து ஞாயிறு அது. கட்டிலின் இரும்புக் கம்பியில் சேவியர் குருத்தோலையைச் சிலுவையாக மடித்துச் செருகியிருந்தார், பச்சை வாசனை இருந்தது, அதற்கு மேலே டெட்டால். சேவியர் இட்லி வாங்கக் கீழே போயிருந்தார். ரெஜினா தலையில் ஒரு பூப்போட்ட துணியைக் கட்டிக்கொண்டு, மடியில் கருவியை வைத்துக்கொண்டு, திரையைப் பார்க்காமல் அவனைப் பார்த்தாள். "வேந்தா, நாற்பத்தேழு கடைசியில என்னதான் ஆகும்? சொல்லேன்." அவன் சிரித்தான். "மிளகாய் கொண்டு வரலியே." "பரவால்ல, நான் மன்னிச்சு விடறேன், சட்டம் போட்டவளே நான்தானே." "போட்டவங்களுக்கும் சட்டம்தான். நீ வீட்டுக்கு வந்து முடி, அப்புறம் ரெண்டு பேரும் மைக் முன்னாடி உக்காந்து சண்டை போடலாம்." அவள் குமிழின்மேல் கட்டைவிரலை ஒரு தரம் உருட்டினாள். "நெசமாத்தான் கேக்கறேன்டா" என்றாள். டா போட்டு அவள் பேசியதே இல்லை. அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். உறைத்தது, உறைக்காமல் என்ன, சொன்னால் இவள் வீட்டுக்கு வரப்போவதில்லை என்று அவனும் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும், அதனால்தான் வாயை இறுக்கிக்கொண்டான். ஆனால் வெளியே சொன்னது அதுவல்ல. "ஸ்பாய்லர் கிடையாது, மூச்" என்று உதட்டில் விரலை வைத்துக் காட்டினான். கோமாளி. அவள் கருவியைக் குப்புறக் கவிழ்த்துப் போர்வைமேல் வைத்தாள். "வெளிய வெயில் எப்படி இருக்கு?" என்று கேட்டாள். கொளுத்துது என்றான். வண்டியை நோ பார்க்கிங்கில் விட்டிருக்கிறேன், தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். உண்மையில் வண்டி ஒழுங்காக ஸ்டாண்டில்தான் இருந்தது, டோக்கன் சட்டைப்பையில் இருந்தது. பதினோராம் நாள் அவள் போய்விட்டாள்.

முடிவு தெரியாமலே போய்விட்டாள். ஒரு வருஷமாக இந்த ஒரு வரிதான் அவனுக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. சாப்பிட உட்கார்ந்தால் வருகிறது. சாகிறவர்கள் தண்ணீர் கேட்பார்கள், பிள்ளையைக் கேட்பார்கள், இவள் ஒரு கதையின் முடிவைக் கேட்டாள், இரண்டு வாக்கியத்தில் சொல்லக்கூடியதை இவன் வைத்துக்கொண்டு கொடுக்கவில்லை. அதன்பிறகு இவனால் ஒரு பதிவும் போட முடியவில்லை. கேட்கிறவர்களுக்கு விஷயமே தெரியாது, இவன் சொல்லவில்லை, எப்படிச் சொல்வது, என்ன தலைப்புப் போடுவது. கடைசிப் பதிவின் அடியில் இன்னமும் எழுதுகிறார்கள், ரெஜி அக்கா எங்கே, அக்கா சிரிப்பு இல்லாமல் ஞாயிற்றுக்கிழமையே விடிய மாட்டேன் என்கிறது, ரெஜி அக்காவுக்குப் பதில் யார். ரெஜி அக்காவுக்குப் பதில் யார் என்று எழுதியவன் நல்லெண்ணத்தில்தான் எழுதினான், பக்கத்தில் ஒரு பூ பொம்மையும் போட்டிருந்தான். அதைப் படித்துவிட்டு இவன் கணினியை அணைத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். இன்னொன்றும் உண்டு, அதை யாரிடமும் சொன்னதில்லை. எண்பதாவது பதிவிலிருந்து அவள் இருமிக்கொண்டிருந்தாள். கணினித் திரையில் ஒலியின் கோடு ஓடும்போது இருமல் எப்படி இருக்கும் என்று அவனுக்கு அத்துபடி, கேட்கவே வேண்டாம், கண்ணால் பார்த்தே தேர்ந்தெடுத்து வெட்டிவிடுவான். வாரத்துக்கு நாலு, அப்புறம் ஒன்பது, அப்புறம் இருபது. பதிவு சுத்தமாக இருக்கிறது என்று எல்லாரும் பாராட்டினார்கள். ஏன் ரெஜி இப்படி இருமுகிறாய், டாக்டரைப் பார்த்தாயா என்று கேட்கத் தோன்றவில்லை, வெட்டத்தான் தோன்றியது. முப்பது வாரம் வெட்டினான். இந்த நுரைச்சுவர் அத்தனை இருமலையும் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது. சில ஞாயிற்றுக்கிழமை அந்தச் சுவரிலிருந்து கேட்கிறது. கேட்கிறது என்றால் கேட்கத்தான் செய்கிறது, அவன் பயந்தாங்கொள்ளி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதும் ஏதோ கேட்டது. தலையைத் தூக்கினான். சுவரில்லை, மேசைமேல் கருவி ஒரு தரம் அதிர்ந்தது. திரையின் நடுவில் சின்னதாக ஒரு பாட்டரிப் படம், அதன் அடியில் சிவப்பாக ஒரு கீற்று. மணி மூன்றரை. சட்டென்று அவனுக்கு இது முழித்திருக்க வேண்டாமே என்று இருந்தது, வெட்கங்கெட்ட நினைப்பு, ஆனால் வந்தது. முழித்தால் அவள் நின்ற இடம் தெரியும். ஏழாவது நிறுத்தமா, பத்தாவது நிறுத்தமா, எந்தப் பயணியிடம் சீட்டுக் கிழித்துக் கொடுத்துவிட்டு நிறுத்தினாள், எந்தக் கிழவர் தன் கதையில் பாதி சொல்லிக்கொண்டிருந்தார். அங்கேயே நிற்கும் பேருந்து, ஒரு வருஷமாக விசிலுக்குக் காத்துக்கொண்டு. அதை எடுத்து ஓட்டி அவள் பெயரில் முடித்துவிடலாமா என்றுகூட இரண்டு மாதம் முன்னால் ஒரு நாள் யோசித்தான், இனி இவருக்குப் பதில் இவர். சீ. கீற்று பச்சையாயிற்று. திரை வெளுத்தது. ரெஜி என்று ஆங்கிலத்தில் எழுதி, பக்கத்தில் அவள் தேர்ந்தெடுத்து வைத்திருந்த பூனை முகம். பூனை இவனைப் பார்த்தது. முதலில் படங்களைத் திறந்தான், சேவியருக்காக, கேமரா இல்லையென்று தெரிந்தும். நாற்பத்தோரு படங்கள் இருந்தன. எல்லாம் விளையாட்டுக்குள்ளிருந்து அவள் பிடித்து வைத்தவை. பேருந்து ஜன்னல். பேருந்து ஜன்னல். அதே மரம், அதே பாலம், அதே விளக்கு, ஜன்னல் கண்ணாடியில் கண்டக்டர் பெண்ணின் நிழல் முகம். பின்னாலிருந்த இருக்கைகளைப் பார்த்தான். ஒரு படத்திலும் பயணி இல்லை. பேருந்து காலி.

காலிப் பேருந்து கடைசிச் சுற்றில்தான் வரும். அவன் எழுந்து நின்றுவிட்டான், எதற்கு எழுந்தான் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான். நாற்பத்தேழைத் திறந்தான். அவளுடைய பயணத்தின் பக்கம் வந்தது. பயணம் முடிந்தது. முடித்த நாள், ஏப்ரல் பத்து, வியாழக்கிழமை. குருத்து ஞாயிறு பதின்மூன்று. விரல்விட்டு எண்ணினான், பாலிடெக்னிக்கில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவன், பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. மறுபடி எண்ணினான். அவன் போய்க் கட்டிலருகில் நின்றபோது அவள் முடித்து மூன்று நாள் ஆகியிருந்தது. தெரிந்துகொண்டேதான் கேட்டாள். என்ன ஆகும் என்று தெரியாமல் கேட்கவில்லை, என்ன ஆகும் என்று தெரிந்துவிட்டதால் கேட்டாள். அதைப் பற்றிப் பேச ஒரு ஆள் வேண்டியிருந்தது. சேவியரிடம் பேசினால் அவர் அழுவார், சாமியாரிடம் பேசினால் செபம் சொல்வார். நூற்றுப் பன்னிரண்டு ஞாயிறு அவளோடு உட்கார்ந்து எல்லா முடிவையும் அலசிக் காயப்போட்டவன் ஒருவன் இருக்கிறானே, அவனிடம் ஒரு விளையாட்டைச் சாக்கு வைத்துப் பேசலாம் என்று நினைத்திருக்கிறாள். காலி வண்டியில் எவ்வளவு நேரம் சுற்றுவது வேந்தா, நீ எத்தனை சுற்று சுற்றினாய், விசிலை எப்போது ஊதினாய், பயமாக இருந்ததா, இதைத்தானே கேட்டாள். ஒரு வருஷமாக அவன் தப்பான குற்றத்துக்கு அழுதுகொண்டிருந்திருக்கிறான். முடிவு தெரியாமல் அவள் போகவில்லை. முடிவோடு தனியாகப் போனாள். அது இதைவிட மோசம். கீழே எழுதியிருந்தது, கடைசிச் சுற்று அறுபத்தொன்று. அறுபத்தொரு ஒன்பது நிமிஷம். குளுக்கோஸ் ஏறும் கையோடு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் அந்த மரத்தையும் பாலத்தையும் விளக்கையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அப்புறம் ஊதியிருக்கிறாள். இவன் இரண்டு. இரண்டு சுற்றில் ஊதிவிட்டு வந்து இந்த முடிவு மனத்தை உலுக்கும் நண்பர்களே என்று விமரிசனம் எழுதியவன். அதற்கும் அடியில் இன்னும் ஒரு வரி. இறங்கிய நிறுத்தத்தின் பெயர். ஆங்கில எழுத்துகளில், நடுவில் இடம் விடாமல், மெத்தைக்கடை என்று தட்டியிருந்தாள்.

அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தான் என்று தெரியாது. இந்த அறை. உலகத்தில் எத்தனை இடம் இருக்க, இறங்குவதற்கு இந்த வெக்கையான அறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள், இந்த நுரையையும் ஃபேன் இல்லாத ஞாயிற்றுக்கிழமையையும், ஒருவேளை என்னையும். கண் பொங்கியது. அழுகையின் நடுவே கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை மறைப்பானேன், இருந்தது. அப்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டான். சேவியர் உள்ளே வந்தார். பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை, உள்ளங்கைக் கறுப்பு சோப்புக்கும் போகாது, வெள்ளைச் சட்டையை மட்டும் பளிச்சென்று போட்டிருந்தார். இத்தனை வருஷத்தில் இந்த அறைக்குள் அவர் வருவது இதுதான் முதல் தடவை.

"இதானா தம்பி அந்த ரூம்பு" என்று சுற்றிப் பார்த்தார். "நல்லா வேகுதே."

"ஃபேன் போடறேண்ணே. உக்காருங்க."

அவர் அவளுடைய நாற்காலியிலிருந்த ஹெட்போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கறுப்புத் தூள் வெள்ளை வேட்டியில் ஒட்டியது, கவனிக்கவில்லை. "போட்டோ இருக்கா?"

"அண்ணே, இதுல கேமரா கிடையாது. காலையிலயே தெரியும் எனக்கு. சொல்லாம வாங்கி வெச்சுக்கிட்டேன். மன்னிச்சிருங்க."

சேவியர் தலையை ஆட்டினார். "அதனால என்ன. நானும் சும்மா ஒரு நப்பாசையில குடுத்தேன்."

கோவேந்தன் கருவியை அவர் கையில் கொடுத்தான். "ஆனா இது இருக்கு. இந்த விளையாட்டுல கடைசியில ஒரு ஸ்டாப்புக்குப் பேர் வைக்கச் சொல்லும். அவ வெச்ச பேரு."

அவர் கருவியைத் தூரப் பிடித்துக் கண்ணைச் சுருக்கி எழுத்துக்கூட்டி வாசித்தார். வாசித்து முடித்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "மெத்தைக்கடை ஸ்டாப்பு" என்றார். "கீழ இருக்கே, அதான். அங்கதானே தம்பி நான் வண்டியப் போட்டுக்கிட்டு நிப்பேன்."

"எப்ப?"

"ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை. நீங்க பேசி முடிக்கிற வரைக்கும். சில நாளு ரெண்டு மணி நேரம் ஆயிரும். மேல வாங்களேன்னு கூப்புடுவா. எனக்கென்னம்மா புரியப்போவுது, நீ பேசிட்டு வான்னுருவேன். நிழல்ல ஒரு கரும்புச்சாறு குடிச்சுக்கிட்டு நிப்பேன். படியில எறங்கி வரும்போதே சிரிச்சுக்கிட்டே வருவா." ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். "இதத் தொறந்தா தெரியுமே."

கோவேந்தன் எழுந்தான். ஜன்னலில் திணித்திருந்த நுரையின் ஓரத்தில் விரலை விட்டு இழுத்தான். நாலு வருஷத்துப் பசை, லேசில் வரவில்லை, சேவியரும் வந்து ஒரு பக்கம் பிடித்தார். கிழிந்துகொண்டு வந்தது. கதவைத் தள்ளியதும் வெயிலும் ஹாரனும் பெட்ரோல் வாசனையும் ஒன்றாக உள்ளே கொட்டின. நேர் கீழே நிழற்குடை, பக்கத்தில் கரும்பு பிழியும் வண்டி, அதையொட்டி சேவியரின் பழைய பைக் நின்றது. இந்த இடத்தில்தான் நூற்றுப் பன்னிரண்டு தடவை நின்றிருக்கிறது. ஒரு நுரைத்துண்டின் மறுபக்கம். அறுபத்தொரு சுற்று சுற்றிவிட்டு அவள் இறங்கியது இந்த அறையில் இல்லை, அங்கே. அவனுக்குக் கொஞ்சம் முன் வந்த பெருமை எங்கே போயிற்று என்று தெரியவில்லை, அது போனதில் அவனுக்கு வருத்தமும் இல்லை.

சேவியர் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பஸ் வந்து நின்று, இரண்டு பேரை இறக்கிவிட்டு, விசில் கேட்டதும் போயிற்று.

"தம்பி" என்றார், திரும்பாமல். "ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு ராவும் பகலும் இதையே பாத்துக்கிட்டு இருந்தா. என்னடி இதுல இருக்குன்னேன். சொல்றேன்னா, சொல்லவே இல்ல. ஒரு நா வேலைக்குப் போயிட்டு வந்து பாக்கறேன், மொகம் கழுவி விட்ட மாதிரி தெளிவா இருக்கா. ஏன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது." அவர் கருவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், தப்பான பக்கமாக. "இது கடைசியில என்ன ஆகும்?"

கோவேந்தன் வாயைத் திறந்தான். பழக்கம், விரல் உதட்டுக்குப் போகப் பார்த்தது. ஃபேன் இரைச்சலோடு ஓடிக்கொண்டிருந்தது, மைக் அணைந்திருந்தது, தெருச் சத்தம் முழுவதும் அறைக்குள் இருந்தது. நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் ஜன்னலோரம் போட்டான்.

"உக்காருங்கண்ணே, சொல்றேன்" என்றான். "எல்லாரும் எறங்கிருவாங்க. பஸ் காலியாயிரும்."